வலதுகாலைப் பின்னியவள்

அத்தியாயம் பதினொன்று

வாருங்கள், தாய்மார்களே, தோழர்களே! கையிலிருக்கும் வேலையைச் சற்றே கீழே வைத்துவிட்டு வாருங்கள். மூன்றாம் மாடியில், படிக்கட்டுக்கு நேர் எதிரே இருக்கும் வீட்டின் கதவு ஒருக்களித்துத்தான் இருக்கிறது. தள்ளிக்கொண்டு உள்ளே வாருங்கள். இங்கே ஓர் அநீதி நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் அதைக் கண்ணால் காண வேண்டும்.

இங்கே கத்தி இல்லை, கூச்சல் இல்லை. சாப்பாட்டு மேசையின்மேல், உல்லன் நூல் உருண்டைகளுக்கு நடுவே, ஆறிப்போன தேநீர்க் குவளைகளுக்குப் பக்கத்தில், சிரித்த முகத்தோடு அது நடக்கிறது. அதனால்தான் இரண்டு ஆண்டுகளாக எவர் கண்ணிலும் அது படவில்லை. செய்தவள் கண்ணிலும் படவில்லை.

அந்த மேசையைப் பாருங்கள். கைக்குழந்தைகளுக்கான காலணிகள். இந்தப் பக்கம் இடதுகால்கள். அந்தப் பக்கம் வலதுகால்கள். இடதுகாலைப் பின்னியவளின் படம் உலகத்தின் எந்த மூலையில் அலைபேசியைத் திறந்து பார்த்தாலும் தெரிகிறது. வலதுகாலைப் பின்னியவளுக்குப் படம் இல்லை, பெயர் இல்லை. அப்படியொருத்தி இருக்கிறாள் என்பதற்கே சான்று இல்லை!

வாரந்தோறும் படித்து வருகிறவர்கள் இவர்களை அறிவார்கள். இன்றுதான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கு நான்கு வார்த்தை சொல்லிவிடுவது கடமை.

அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவியான அண்ணி, பள்ளி அலுவலகத்தில் பார்த்த தட்டச்சு வேலையை விட்டுவிட்டுக் குரோஷா ஊசியைக் கையிலெடுத்தவள். ‘சின்னப் பாதம்’ என்ற பெயரில் ஆன்லைன் சந்தையொன்றில் அவளுடைய கடை நடக்கிறது. நாத்தனார், அண்ணனின் தங்கை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணவன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தவள். அவள் வந்த அன்று அண்ணிக்கு முப்பது ஆர்டர் பாக்கி, மணிக்கட்டு வீங்கியிருந்தது. “ஒரு கால் நான் போடறேன் அண்ணி” என்று உட்கார்ந்தாள். அந்த நாற்காலியிலிருந்து இன்றுவரை எழவில்லை.

அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள். ஓரிடத்தில் நில்லாமல் பறப்பதால் வீட்டில் அவளுக்குத் தும்பி என்று பெயர். தும்பி இப்போது தகப்பன் வசம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், குடும்ப நல ஆலோசனை மையத்தின் அறையொன்றில், சக்கரம் கழன்ற பொம்மை வண்டிக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் இடையில், தாயும் மகளும் சந்திக்கிறார்கள். சனி ஞாயிறுகளில் மகள் தாயோடு வந்து தங்கலாமா என்பதை ஆலோசகர் நாளைக் காலை பத்தரை மணிக்கு முடிவு செய்யப் போகிறார். அவர் நீட்டிய படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருக்கிறது.

தாயின் தொழில்.

“நிரூபிக்கிற மாதிரி ஏதாவது கொண்டு வாங்கம்மா. வீட்டுல கூடமாட ஒத்தாசை பண்றேன்னு எழுதினா, அந்தப் பக்கத்து வக்கீல் சிரிப்பாரு.” ஆலோசகர் சொன்னது அவ்வளவுதான்.

இனி, இந்தப் புதன்கிழமையைப் பாருங்கள்.

*

காலை ஏழு மணி. அண்ணி ஒரு கையால் பாலைக் கிளறிக்கொண்டும் மறு கையால் அலைபேசியைத் தள்ளிக்கொண்டும் நின்றாள். அப்படி நிற்பது அவளுக்குப் பழகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்குள் பதில் எழுதாவிட்டால் கடைக்கு ‘மெதுவான பதில்’ என்ற முத்திரை விழும். அந்தப் பயத்தில் குளியலறைக்கும் அலைபேசி போகும், படுக்கைக்கும் போகும்.

திடீரென்று அவள் கை நின்றது. பால் நிற்கவில்லை, பொங்கி வழிந்தது.

“ஏங்க! இங்க வாங்க. உடனே வாங்க.”

அண்ணன் பல் துலக்கும் பிரஷோடு வந்தான். “என்ன? அடுப்பா, ஆர்டரா?”

“படிங்க.”

யாரோ ஒரு பெரியவர் தன் பேத்திக்குக் காலணி வாங்கி எழுதியிருந்தார்.

‘வேலை அருமை. ஆனால் வலதுகால் அரை விரல் சிறியது. நான் நாற்பது ஆண்டுகள் கோட்டுத் தைத்தவன். தையலைத் தொட்டால் கை தெரியும். இடது ஒரு கை. வலது வேறொரு கை. அந்த இன்னொருவருக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.’

வாழ்த்துத்தான் அது. ஆனால் சந்தைத் தளத்தை நடத்துகிற இயந்திரத்துக்கு வாழ்த்து புரியுமா? அதன்கீழே அறிவிப்பு வந்து விழுந்திருந்தது. ‘உங்கள் பொருள்களுக்கு வழங்கப்பட்ட “ஒரே கை” முத்திரை குறித்து ஐயம் எழுந்துள்ளது. ஒரு ஜோடியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவரே பின்னுவதை வெட்டாத காணொளியாக இன்று மாலை நான்கு மணிக்குள் அனுப்பவும். தவறினால் முத்திரை நீக்கப்படும்.’

அந்த முத்திரை என்ன என்று கேட்பீர்கள். கடையின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு தங்க வட்டம். முதலிலிருந்து கடைசிவரை ஒருவர் கையாலேயே செய்தது என்பதற்கு அடையாளம். அது இருந்தால் தேடுகிறவர் கண்ணில் கடை முதல் பக்கத்திலேயே படும். இல்லாவிட்டால், ஆயிரம் கடைக்குப் பின்னால் ஆயிரத்தொன்றாவது கடை.

நாத்தனார் மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. ஊசி மட்டும் ஒரு கண்ணியில் மாட்டி அப்படியே நின்றது.

“அதெப்படி சின்னதா போகும்? எனக்குக் கை தளர்வு, அதனால சிவப்புப் பிடி ஊசி, மெல்லிசு. உனக்குக் கை இறுக்கம், அதனால நீலப் பிடி, தடிமன். ரெண்டு வருஷமா மயிரிழை பிசகினதில்லையே!”

அண்ணி கேட்டாள். நாத்தனார் கண்ணிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அண்ணன்தான் குறுக்கே புகுந்தான். “இப்ப என்ன கெட்டுப்போச்சு? நீயே ஒரு ஜோடி போட்டு வீடியோ எடுத்து அனுப்பு. கடைக்காரம்மாவுக்கு ஒரு ஷூ பின்னத் தெரியாதா?”

அண்ணி கணவனைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

“எனக்கு இடதுகால்தாங்க தெரியும்.”

*

சிரிக்காதீர்கள். இது சிரிப்பதற்குரிய செய்தியன்று.

இந்தக் காலணிக்குப் பக்கவாட்டில் ஒரு வார் உண்டு. பொத்தான் வெளிப்பக்கம் வரவேண்டும். ஆகவே இடதுக்குச் சுற்றும் திசை வேறு, வலதுக்குச் சுற்றும் திசை வேறு. தொடக்கத்தில் அண்ணி இரண்டையும் பின்னியவள்தான். ஆனால் இரண்டு ஆண்டுகளாக இடதையே பின்னிப் பின்னி, விரல்கள் வலதை அடியோடு மறந்துவிட்டன. நாத்தனாருக்கோ இடது என்ற ஒன்று தெரியவே தெரியாது.

காலை எட்டரை மணிக்கு அண்ணி தனியாக முயன்றாள். பதினோரு வரிசை வரை ஒழுங்காகப் போயிற்று. வாருக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் கை தானாக மறுபக்கம் திரும்பியது. பிரித்தாள். மறுபடி பின்னினாள். மறுபடியும் இடது. மூன்றாவது முறையும் இடதுகாலே மேசையில் வந்து உட்கார்ந்தது.

“உலகத்துல எங்கயாவது ரெண்டு காலும் இடதுகாலா ஒரு குழந்தை பொறந்தா, நம்ம கடைக்குத்தான் வரணும்” என்றான் அண்ணன்.

“உங்களுக்கு மதியம்தானே ஷிஃப்ட்? காலையிலயே கெளம்பிடுங்களேன்.”

“சரி சரி, வாயை மூடிக்கிறேன்.”

அண்ணி நாற்காலியை இழுத்து நாத்தனார் பக்கத்தில் போட்டாள். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்.

“எனக்கு வலதுகால் கத்துக்கொடு.”

வாசகர்களே, இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். ‘தாயின் தொழில்’ என்ற கட்டத்தை நிரப்ப ஒருத்தி நாளைக்குள் ஒரு சான்று தேடுகிறாள். அவளிடம் இருப்பதோ அந்த ஒரு காலின் வேலைதான். அதையும் கற்றுக்கொடுத்துவிட்டு, காமிராவில் படாமல் ஒதுங்கி நில் என்று கேட்கிறது ஒரு குரல். அந்தக் குரலில் பகை இல்லை, வஞ்சகம் இல்லை. இல்லாமலேதான் இத்தனை கொடுமைகளும் வீட்டுக்குள் நடக்கின்றன!

நாத்தனார் மறுக்கவில்லை. அண்ணியின் விரல்களைத் தன் விரல்களுக்குள் வாங்கி, ஊசியைப் பிடிக்கச் செய்தாள்.

“இங்க வந்ததும் வேலையைத் திருப்பணும் அண்ணி. உங்களைப் பாத்து இல்ல. என்னைப் பாத்து.”

“உன்னைப் பாத்தா?”

“ம். நான் எப்பவும் உங்களுக்கு எதிர்ல உக்காந்துதானே போட்டேன். நீங்க திருப்பறதைப் பாத்து நானும் திருப்புவேன். எதிர்ல உக்காந்ததால எனக்கு அது வலதாச்சு. அப்படித்தான் கத்துக்கிட்டேன்.”

அண்ணி நிமிர்ந்தாள். அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று! முதல் ஆண்டில் பேசாத பேச்சில்லை. தும்பி பிறந்த மழைநாள், அண்ணியின் பழைய தலைமை ஆசிரியரின் விக், சுடாத இஸ்திரிப் பெட்டி, எதுவும் மிச்சமிருந்ததில்லை. பிறகு ஆர்டர் பெருகியது. அண்ணி எழுந்து போய்ச் சன்னலோரம் உட்கார்ந்தாள், அங்கேதான் நெட் நன்றாக வரும் என்று. எதிர் நாற்காலியில் பார்சல் பெட்டிகள் ஏறின.

“அண்ணி.”

“சொல்லு.”

“அந்தச் சின்ன ஷூ பிசகு இல்ல. தெரிஞ்சேதான் போட்டேன்.”

ஊசி மேசையில் விழுந்தது.

“அன்னிக்கு ஆலோசகர்கிட்டப் போயிட்டு வந்தேனா... உங்ககிட்டச் சொல்லணும்னு நின்னேன். நீங்க யாருக்கோ பதில் எழுதிட்டு இருந்தீங்க. ‘அப்புறம்’னீங்க. சாயங்காலம் வந்தேன், அப்பவும் ‘அப்புறம்’தான். உங்க சிவப்பு ஊசியை எடுத்து ஒரே ஒரு வலதுகால் போட்டேன். நீங்கதான் பேக் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு காலையும் அடியோட அடி ஒட்ட வெச்சுப் பாப்பீங்களே. பாத்தா திட்டுவீங்க. ‘ஏண்டி இப்படி?’னு கேப்பீங்க. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்.”

அண்ணி பார்சல் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“நீங்க பாக்கவே இல்ல அண்ணி. ஃபோனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு பார்சலை அப்படியே ஒட்டிட்டீங்க.”

அண்ணியின் முகம் முதலில் வெளிறியது; பிறகு சிவந்தது.

“என் கடைக்கு நீயே குழி பறிச்சியா? நாலு வருஷம்! வேலையை விட்டுட்டு வந்து நாலு வருஷமா இதுக்காக நாயா பேயா அலைஞ்சிருக்கேன். என் பேர்ல இருக்கிற ஒரே பொருள் இந்தக் கடைதான். இந்த வீடு அவர் பேர்ல, கேஸ் சிலிண்டர் அவர் பேர்ல, ஸ்கூட்டர்கூட அவர் பேர்ல!”

“எனக்கு அதுவும் இல்லையே அண்ணி.”

சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

“நாளைக்குப் படிவத்துல என் தொழிலுக்குச் சான்று கேக்கறாங்க. ஒரு லெட்டர் எழுதிக்கொடுங்க. வலதுகால் நான் போடறேன்னு. அவ்வளவுதான் கேக்கறேன்.”

“எழுதிக்கொடுத்தா அது எங்க போய் நிக்கும் தெரியுமா? அந்த ஆளோட வக்கீல் கடையைத் திறந்து பாப்பான். ‘ஒரே கை’ன்னு போட்டிருக்கே, இது பொய்யா அது பொய்யான்னு கேப்பான். முத்திரை போயிடும். கடை போயிடும். அப்புறம் எந்தத் தொழிலை எழுதுவ?”

அதுவும் உண்மைதான். அதுதான் இந்தச் சிக்கலின் கொடுமை. சொன்னால் தொழில் அழியும். சொல்லாவிட்டால் தொழில் இருந்தும் இல்லை.

அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். “ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்க. எல்லாத்தையும் ஒரு பேலன்ஸா பாக்கணும்.”

பேலன்ஸ்! வீட்டையும் கடையையும் சமமாகப் பிடி என்று மேடைதோறும் பெண்களுக்கு உபதேசிக்கிறார்களே, கேட்டிருக்கிறீர்களா? தராசின் இரண்டு தட்டையும் ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டு, ஆடாமல் நில் என்கிறவர்களுக்குப் பெயர் அறிஞர்கள்! ஒருத்தி நிற்க முடியாமல் இன்னொருத்தியின் தோளில் கையூன்றினாள். ஊன்றிய கைக்குக் கீழே ஒரு தோள் இருப்பதையே மறந்துபோனாள். குற்றம் அவளுடையது மட்டுமா?

“நீ என்ன பண்ணின அண்ணா, ரெண்டு வருஷமா?” என்றாள் நாத்தனார். “பார்சலைக் கீழ கொண்டுபோய்க் கொடுக்கறியே, ஒரு தடவையாச்சும் இதுல பாதி என் தங்கச்சி போட்டதுன்னு யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?”

அண்ணன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கத் தெரிந்தவன், அன்று நடந்தே போனான்.

*

பிற்பகல் இரண்டு மணி.

சன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு, நான்கு பார்சல் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் அலைபேசியைச் சாய்த்து வைத்தாள் அண்ணி. திரைக்குள் அவள் கைகளும் முகமும் மட்டும் தெரிந்தன. நாத்தனார் அறையின் கோடியில், காமிரா காணாத மூலையில், நூல் மூட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

“அங்கயே இரு. வார் திருப்பற இடம் வந்ததும் நான் பாப்பேன். தலையை மட்டும் ஆட்டு. பேசாத.”

“சரி அண்ணி.”

பதிவு ஓடத் தொடங்கியது. இடதுகால் வளர்ந்தது. அதில் தடையில்லை, தூக்கத்திலும் பின்னுவாள். நாற்பத்தைந்து நிமிடத்தில் முடித்து, பொத்தானைத் தைத்து, வலதுகாலைத் தொடங்கி எட்டு வரிசை போட்டாள்.

மணி மூன்று.

நாத்தனாரின் அலைபேசி அதிர்ந்தது. புதன்கிழமை மூன்று மணி. பள்ளி விட்டு வந்ததும் ஐந்து நிமிடம் பேசலாம் என்று மையம் ஒதுக்கித் தந்த நேரம். அதைத் தவறவிட்டால் அடுத்த புதன்தான்.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதிவை நிறுத்த முடியாது, வெட்டாத காணொளி. மறுபடி தொடங்க நேரமில்லை. நாத்தனார் எழுந்து வெளியே போகலாம்; போனால் வார் திரும்பும்போது தலையாட்ட ஆளில்லை.

அண்ணி கண்ணால் காட்டினாள்: எடு. மெதுவாகப் பேசு.

அந்தப் பழைய அலைபேசியின் காதுப்பக்கம் எப்போதோ செத்துவிட்டது. ஒலிபெருக்கியில்தான் கேட்கும். நாத்தனார் அதை முந்தானைக்குள் பொதிந்துகொண்டாள். என்ன பொதிந்தாலும் எட்டு வயதுக் குரலை அடக்க முடியுமா?

“அம்மாஆஆ!”

“மெதுவாடி தங்கம். சாப்டியா?”

“சாப்டேன். அம்மா, ஷூ குத்துதும்மா.”

“எங்க? கட்டைவிரல்லயா, பின்னாடியா?”

“முன்னாடி. எல்லா விரலும் மடங்கிக்குது.”

“அப்பாகிட்டச் சொல்லு. ஒரு விரல் தடிமனுக்கு நீளம் கூட்டி வாங்கச் சொல்லு. ஒண்ணரை வேண்டாம், தடுக்கும். ஒரு விரல்.”

“உன் விரலா, என் விரலா?”

நாத்தனார் தன் விரலைப் பார்த்தாள். முகம் தெரியாத எத்தனையோ குழந்தைகளின் பாதங்களை அவள் அளவு பிசகாமல் அறிவாள். மூன்று மாதம், ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று அட்டவணையே மனப்பாடம். தன் மகளின் காலைத் தொட்டு அளந்து எத்தனை மாதம்? மையத்து அறையில் போன வாரம் கேட்க நினைத்தாள். தும்பி பொம்மை வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். கழற்று என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

“என் விரல்தான். சனிக்கிழமை நானே பாக்கறேன்டா.”

“அம்மா, இன்னொண்ணு. டீச்சர் ‘என் குடும்பம்’னு எழுதச் சொன்னாங்க. அம்மா என்ன வேலை செய்றாங்கன்னு எழுதணும். அப்பாவைக் கேட்டேன், ‘சும்மா இருக்கா’ன்னு எழுதுன்னாரு.”

“இல்லடா. நான் ஷூ பின்னறேன். பாப்பாங்களுக்கு.”

“அதையும் சொன்னேனே! அப்பா அந்தக் கடையைத் திறந்து காமிச்சாரு. அதுல அத்தை போட்டோதான் இருக்கு. ‘எல்லாமே நானே செஞ்சது’ன்னு அத்தை எழுதியிருக்காங்க. நீ இல்லவே இல்ல.”

நாத்தனார் முந்தானையை அலைபேசியின்மேல் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“பொய் சொல்லாதம்மா. டீச்சர் திட்டுவாங்க.”

அண்ணியின் கை நின்றது.

“பொய் இல்லடா...”

“அப்ப எங்க இருக்க நீ? காமி.”

நாத்தனார் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுகையை மறைக்க இல்லை. காணொளியில் சத்தம் விழுந்துவிடக் கூடாதே என்று! அந்த நிலையிலும் அண்ணியின் கடையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள் அந்தப் பேதை.

ஐந்து நிமிடம் முடிந்தது. “வெச்சிடறேன்மா, அப்பா வராரு” என்றது குரல். பிறகு ஒன்றுமில்லை.

அண்ணி காமிராவைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது. கையிலிருந்த வலதுகால் பத்தாம் வரிசையில் இருந்தது. இன்னும் ஒரு வரிசை; பிறகு வார். தலையாட்டல் ஒன்று போதும், தங்க வட்டம் தங்கிவிடும்.

“இங்க வா” என்றாள்.

நாத்தனார் வேண்டாமென்று கையசைத்தாள். உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்: ஓடுது.

“ஓடட்டும். இங்க வா.”

“அண்ணி, கடை போயிடும். கடை போனா எனக்கும்தான் ஒண்ணும் இருக்காது. பேசாம போடுங்க. நான் தலையாட்டறேன்.”

“எனக்கு வார் வராது. எட்டு வயசுக் குழந்தை நீ எங்க இருக்கன்னு கேக்குது. நீ மூட்டை மேல உக்காந்துட்டு எனக்குத் தலையாட்டறியா? எழுந்து வாடி!”

அவள் வரவில்லை. அண்ணி எழுந்து போனாள். எதிர் நாற்காலியிலிருந்த பெட்டிகளை இரண்டு கையாலும் தள்ளினாள். அவை தரையில் உருண்டன. நாத்தனாரின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து அந்த நாற்காலியில் உட்கார்த்தினாள். அலைபேசியைத் திருப்பி, இரண்டு முகமும் தெரியும்படி வைத்தாள். நீலப் பிடி ஊசியை அவள் கையில் திணித்தாள்.

“நான் போட்டதைப் பிரிச்சுட்டு உன் கையால மொதல்லயிருந்து போடு. என் கை தளர்வு.”

வெட்டாத காணொளி அதையும் விழுங்கியது. நாத்தனார் பிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே முதல் கண்ணியைப் போட்டாள். கண்ணீர் வழிந்தது, கை தடுமாறவில்லை. அதுதானே தொழில் என்பது!

“கேட்டுக்குங்க” என்றாள் அண்ணி, காமிராவைப் பார்த்து. மேடையேறிப் பழக்கமில்லாத குரல். “இடது நான். வலது இவங்க. ரெண்டு வருஷமா இப்படித்தான். ஒரே கைன்னு எழுதினது நான். எழுதியிருக்கக் கூடாது.”

மூன்று ஐம்பத்தைந்துக்குப் பொத்தானைத் தைத்தார்கள். மூன்று ஐம்பத்தெட்டுக்குக் காணொளி போயிற்று.

நான்கு மணி பத்து நிமிடத்துக்குத் தங்க வட்டம் மறைந்தது. எத்தனையாவது பக்கத்துக்குக் கடை தள்ளப்பட்டது என்று தேடிப் பார்க்க அண்ணிக்கு மனம் வரவில்லை. பிறகு ஒரு தாளை எடுத்து, பழைய தட்டச்சுக்காரியின் ஒழுங்கோடு, ஓரம் விட்டு, தேதி போட்டு, சான்றிதழ் எழுதினாள். கையெழுத்திட்டாள்.

“படிவத்தைக் கொண்டா. ஒண்ணா சேத்துக் குத்திடலாம்.”

நாத்தனார் கொண்டுவந்தாள். அண்ணி படிவத்தைப் புரட்டினாள். பின்பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிறிய எழுத்தில், இரண்டு வரிகள் இருந்தன.

‘உறவினர் அளிக்கும் சான்று ஏற்கப்படாது. உறவல்லாத இருவரின் கையொப்பம் தேவை.’

அண்ணி இரண்டு முறை படித்தாள். நாத்தனார் ஒரு முறைதான் படித்தாள். படிவத்தை மடிக்கப்போனாள்.

“மடிக்காத” என்றாள் அண்ணி. “நம்மகிட்ட வாங்கினவங்க உறவா என்ன?”

கடையின் பட்டியலைத் திறந்தாள். நானூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். எல்லாருக்கும் ஒரே கடிதம். ‘உங்கள் குழந்தையின் வலதுகால் காலணியைப் பின்னியவர் இவர். இத்தனை நாள் நான் சொல்லவில்லை, மன்னியுங்கள். காலணி உங்கள் கைக்கு வந்தது உண்மையென்றால், இவருடைய கைவேலை அது என்று இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டு, நாளைக் காலை பத்தரைக்குள் படமெடுத்து அனுப்புங்கள்.’

“பேரு போடணுமா அண்ணி?”

“போடாம? உன் பேரை நீயே அடி.”

நாத்தனார் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். தட்டிவிட்டு, அது சரியாக இருக்கிறதா என்று சற்று நேரம் பார்த்தாள். நெடுநாள் காணாத ஒருத்தியைத் தெருவில் கண்டு, அவள்தானா என்று பார்ப்பதுபோல.

அண்ணி அனுப்பினாள். மணி ஐந்து இருபது.

எதிரெதிரே இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே அலைபேசி. அது இன்னும் ஒலிக்கவில்லை. சனிக்கிழமைக்கு மூன்று நாள். பத்தரை மணிக்குப் பதினேழு மணி நேரம். வேண்டியவை இரண்டே இரண்டு கையொப்பங்கள்.

அவர்கள் காத்திருக்கட்டும். நீங்கள் ஏன் காத்திருக்கிறீர்கள்? உங்கள் பெயரில் ஓடுகிற வேலையில் பாதியைச் செய்து முடித்துவிட்டு, ‘சும்மா இருக்கிறாள்’ என்று எழுதப்பட்ட ஒருத்தி உங்கள் வீட்டிலும் இருக்கிறாள். தங்கையாக இருக்கலாம்; மனைவியாக, மருமகளாக, மதினியாக இருக்கலாம். என் வீட்டில் இல்லை என்று சொல்ல வராதீர்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள். எழுந்திருங்கள். ஒரு தாளை எடுங்கள். அவள் பெயரை எழுதுங்கள். அவள் செய்யும் தொழிலை எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு அவள் கையில் கொடுங்கள்.

அடுத்த இதழ் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். இன்றே செய்யுங்கள்.